ரீயூனியன் கரையில் கால் வைத்தால் போதுமா?

தம்பி, மன்னாரில் இருக்கும் உங்கள் மச்சானிடம் ஏஜென்சிக்காரன், "ரீயூனியன் தீவு பிரான்ஸ்தானே, கரையேறினால் திருப்பி அனுப்ப ஏலாது, வழியில் எஞ்சின் நின்றாலும் டியாகோ கார்சியாவில் வெள்ளைக்காரன் தூக்கிவிடுவான்" என்றானாம், உண்மையா என்று கேட்டிருந்தீர்கள்.

டியாகோ கார்சியா இந்து சமுத்திரத்தில் இருக்கிற பிரிட்டன், அமெரிக்கப் படைத்தளத் தீவு, அங்கே தூக்கிவிட்டது உண்மைதான். 2021 அக்டோபரில் கனடாவுக்கென்று புறப்பட்டுத் தத்தளித்த 89 தமிழரை அங்கே கரைசேர்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அவன் சொல்லமாட்டான். எலி ஓடும் கூடாரம், சுற்றிவர வேலி, காவல், இப்படியே மூன்று வருடம். தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொண்ட சிலரை வைத்தியத்துக்கென்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். பொறுக்கமுடியாமல் திரும்பப் படகேறி இங்கே ரீயூனியனுக்கு வந்தவர்களும் உண்டு. அது சட்டவிரோதத் தடுப்பு என்று 2024 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார், அந்த மாதமே பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்கு எடுத்தார்கள். சரி, கடைசியில் லண்டன்தானே என்று மச்சான் கேட்பார். புதிதாக வருபவர்களை அட்லாண்டிக் நடுவில் கிடக்கிற செயின்ட் ஹெலினாவுக்கு அனுப்ப அதே வருடம் அக்டோபரிலேயே பேசி முடித்துவிட்டார்கள், அதைச் சொல்லுங்கள்.

இனி இங்கத்தைக் கதை. படகில் வந்தால் தீவுக்குள் வந்ததாகவே கணக்கில்லை. காத்திருப்பு வலயம் என்று ஒன்றில் அடைப்பார்கள், சாதாரணமாக 20 நாள் வரை வைத்திருக்கலாம். அகதிக் கோரிக்கையை ஒப்ராக்காரர் (பிரெஞ்சு அகதி அலுவலகத்தார்) பாரிஸ் பக்கம் இருந்துகொண்டு போனிலோ திரையிலோ கேட்பார்கள், மொழிபெயர்ப்பாளரும் தூரத்தில்தான். கடல் பயணத்தில் நித்திரை இல்லாமல் வந்தவனிடம், எந்த மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், பொலிஸ் நிலையம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டால் என்ன செய்வான்? ஏஜென்சி பாடமாக்கித் தந்த கதையை ஒரே படகில் நாலு பேர் ஒப்பித்தால் நாலு பேரும் கெட்டார்கள். நிராகரித்தால் மேல்முறையீட்டுக்கு 48 மணித்தியாலம், சனி ஞாயிறும் அதற்குள் அடக்கம். 2018, 2019இல் வந்த படகுகளில் பலரை இப்படித்தான் விமானத்தில் ஏற்றினார்கள். கட்டுநாயக்காவில் இறங்கினால் விசாரணை, பிறகு நீர்கொழும்பு நீதிமன்றம்.

உள்ளே விட்டவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. உள்ளே விட்டாலும் கேஸ் அப்போதுதான் தொடங்கும், றிஜெக்ட் ஆனால் கொமிஷன், அதாவது அகதி மேல்முறையீட்டு நீதிமன்றம், எல்லாமே பிரெஞ்சில். கோயில் இருக்கிறது, காவடி எடுக்கிறார்கள், ஆனால் இங்கத்தை மல்பார் சனம் (முந்தி இங்கே வந்த தமிழரின் வழிவந்தவர்கள்) பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல், வருகிற கேஸ் கடிதத்தை வாசித்துச் சொல்லவும் ஆள் தேட வேண்டும்.

மச்சானுக்கு உண்மையாகவே உயிர்ப் பயம் இருந்தால் அழைப்பாணை, வைத்தியத் துண்டு எல்லாவற்றையும் இப்போதே திரட்டி நம்பகமான சட்டத்தரணி ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். வேலைக்காக மட்டும் என்றால் வீட்டை ஈடு வைக்க விடாதீர்கள். இன்னொன்று, நீங்கள் இங்கிருந்து ஏஜென்சிக்குக் காசு கட்டாதீர்கள். படகோட்டி வந்த இந்தோனேசியர்களை இங்கே வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பியிருக்கிறார்கள், களவாக ஆள் கொண்டுவர உதவினதாக உங்கள் பெயரும் வரலாம், உங்கள் விசா வேறு இன்னும் புதிது.