முதல் வாடகை வீடு: லோன் போட்டுப் போகலாமா?

கேள்வி: இரண்டு வருடமாகப் பெருங்குடியில் ஒரு பிஜியில் இருக்கிறேன், சாப்பாட்டோடு மாதம் 9,000. சோழிங்கநல்லூரில் வேலை. கைக்கு வருவது 38,000, அதில் அம்மாவுக்கு 8,000 அனுப்பிவிடுவேன். மேடவாக்கத்தில் புரோக்கர் ஒருவர் சிங்கிள் பெட்ரூம் ஃப்ளாட் காட்டினார். வாடகை 14,000, மெயின்டனன்ஸ் 1,500, ஆறு மாத அட்வான்ஸ். சேமிப்பு 70,000 இருக்கிறது. மீதிக்கு பெர்சனல் லோன் போடலாமா? ஆபீஸ் தோழி சேர்ந்து எடுக்கலாம் என்கிறாள், எனக்குத் தனியாக இருக்கத்தான் ஆசை.
– வாசகி, சென்னை

பதில்: தனியாக இருக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. லோன் மட்டும் வேண்டாம்.

உள்ளே நுழையவே எவ்வளவு ஆகும் பாருங்கள். அட்வான்ஸ் 84,000, முதல் மாத வாடகை 14,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை இன்னொரு 14,000. அப்புறம் கேஸ் கனெக்‌ஷன், அடுப்பு, மெத்தை, பாத்திரம், ஒரு பழைய ஃபிரிட்ஜ் என்று எவ்வளவு சிக்கனமாகப் போனாலும் 25,000. (நான் முதல் வீட்டுக்குக் குடிபோன அன்று ராத்திரி குளிக்கப் போனபோதுதான் வாளி வாங்கவில்லை என்பதே தெரிந்தது.) ஆக மொத்தம் 1,37,000, உங்களுக்குத் துண்டு விழுவது 67,000. இதை இரண்டு வருட லோனாகப் போட்டால் தவணை மாதம் 3,200க்கு மேல் வரும்.

இப்போது மாதக் கணக்கு. ஊருக்கு அனுப்பியது போக 30,000. வாடகையும் மெயின்டனன்ஸும் 15,500. மளிகை, காய்கறி, பால் 4,500, சிலிண்டர் மாதக் கணக்கில் 350, கரண்ட் 400 (ஏசி இல்லாமல்!), தண்ணீர் கேன் 250. இதுவரை 21,000. போன், நெட் 1,000, பெட்ரோல் 1,000, வெளிச் சாப்பாடு, சினிமா 2,000 என்று வைத்தால் மிச்சம் 5,000. ஆனால் தீபாவளித் துணி, பொங்கலுக்கு ஊருக்குப் போய்வருவது, வண்டி இன்ஷூரன்ஸ், திடீர்க் காய்ச்சல் எல்லாம் மாத பட்ஜெட்டில் தெரியாது, வருடக் கணக்கில் தலைகாட்டும். அதற்கு 2,500 ஒதுக்கினால் கையில் நிற்பது 2,500தான், தவணையோ 3,200. கிரெடிட் கார்டைத் தேய்க்க ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு ஒன்று. பிஜியில் அம்மா பணமும் வாடகையும் போக மாதம் 21,000 மிஞ்சுகிறது, இரண்டு வருடத்தில் சேர்ந்தது வெறும் 70,000. திட்டவில்லை, பணம் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் ஒரு ஒத்திகை பாருங்கள். வீடு எடுத்தால் வீட்டுக்கென்றே 21,000, பிஜிக்கு இப்போது 9,000, வித்தியாசம் 12,000. சம்பளம் வந்த அன்றே அந்த 12,000ஐ வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, அந்த ஏடிஎம் கார்டைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, மிச்சத்தில் குடும்பம் நடத்துங்கள். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் கையில் 72,000 இருக்கும், துண்டு விழுந்த தொகை கடனில்லாமல் வந்துவிட்டது. இரண்டாம் மாதமே அதில் கை வைத்தீர்களானால், சரி, தோழியோடு சேர்ந்து டபுள் பெட்ரூம் பாருங்கள், வாடகையும் அட்வான்ஸும் பாதியாகப் பிரியும்.

அட்வான்ஸைக் கேட்ட வாக்கில் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2017ஆம் வருடத் தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஓனர்கள் வேறு மாதிரி எழுதித்தான் வாங்குகிறார்கள், இருந்தாலும் பேரம் பேச அது ஒரு பிடி. காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். எனக்கு முழுசாக ஒரு மாத வாடகை போச்சு.

கேள்வி: மாடி போர்ஷனுக்குத் தனி கனெக்‌ஷன் இல்லை, ஓனர் கனெக்‌ஷனிலிருந்து பிரித்த சப் மீட்டர்தான், யூனிட்டுக்கு 9 ரூபாய் என்கிறார் ஓனர். வாடகை 1,000 குறைவு என்பதால் எடுக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: தனி இ.பி. மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 200 யூனிட் ஓடினாலும் பில் 250 ரூபாய்க்குள் முடியும். அதே 200 யூனிட்டுக்கு உங்கள் ஓனரிடம் 1,800. அந்த அளவோடு நின்றால் இரண்டு மாதத்தில் மிச்சமாகும் 2,000 ரூபாய் வாடகை அதை ஈடுகட்டிவிடும், தாராளமாக எடுக்கலாம். ஏசி போடுவீர்களா என்பதுதான் கேள்வி. ராத்திரி எட்டு மணி நேரம், மணிக்கு ஒரு யூனிட் என்றாலே இரண்டு மாதத்தில் 480 யூனிட், ஓனருக்கு 4,320 தனியாக எடுத்து வைக்க வேண்டும். தனி மீட்டரிலும் மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறிவிடும், அதனால் ஏசிக்காரர்களுக்கு அங்கேயும் கொண்டாட்டம் இல்லை. எதுவானாலும் சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.