பழைய காரை டிரெய்லரில் ஏற்றி எல்லை தாண்டுவது: கேள்வி-பதில்

கேள்வி: பக்கத்து நாட்டில் 1970களைச் சேர்ந்த, 1,400 கிலோ எடையுள்ள செடான் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மொத்த எடை 2,000 கிலோ என்று பதிவான பழைய டிரெய்லர் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 2,000 கிலோவில் டிரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். கார் ஏற்றும் இரட்டை ஆக்சில் டிரெய்லர் காலியாக நிற்கும்போதே 600 முதல் 800 கிலோ வரும். 700 என்று வைத்துக்கொண்டால் நீங்கள் ஏற்ற மிஞ்சுவது 1,300 கிலோதான். போதாக்குறைக்கு, பழைய கார் விற்பவர்கள் உபரி கியர்பாக்ஸ், கதவு, சக்கரங்கள் என்று கூடவே கொடுப்பார்கள். அவற்றை டிக்கியில் திணித்தால் நூறு, நூற்றைம்பது கிலோ ஏறிவிடும். உங்கள் காருக்கு 2,700 கிலோ டிரெய்லர் பொருத்தம். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இழுக்கும் வண்டி. அதன் பதிவுச் சான்றிதழில் இழுக்கக்கூடிய அதிகபட்ச எடை இருக்கும். டிரெய்லரை மாட்டும் கப்ளிங் பந்தின் மேல் தாங்கும் எடை கொக்கியின் தகட்டில் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொண்டு போய்த்தான் டிரெய்லர் பார்க்க வேண்டும்.

பழைய டிரெய்லர் என்றால் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். டயர் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளைத் தொடரும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாமல் வெயிலில் நின்றே கெடுபவை டிரெய்லர் டயர்கள். பட்டன் தேயாமல் இருக்கும், பக்கச்சுவர் வெடித்திருக்கும். ஆறு வயதைத் தாண்டியவற்றை மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். பிறகு, அந்தப் பந்தின் மேல் மாட்டும் கப்ளிங் தலையைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். எதிர்த்து நின்று, விட்டதும் மெதுவாகத் திரும்பினால் உள்ளே இருக்கும் டாம்பர் (அதிர்ச்சித் தாங்கி) உயிரோடு இருக்கிறது. சர்ரென்று உள்ளே போனால் அது செத்துவிட்டது. பிரேக் போடும்போதெல்லாம் டிரெய்லர் வந்து இடிக்கும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் பேரிங்கின் கரகரப்பும் தெரிந்துவிடும்.

கேள்வி: 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்குகிறது. ஆட்டத்தைக் குறைக்கும் கப்ளிங் வாங்கினால் சரியாகுமா?

பதில்: முதலில் காரை ஏற்றிய இடத்தைச் சரிபாருங்கள். பின்பாரம் அதிகமானால் முன்கொக்கி லேசாகிவிடும்; வாலாட்டத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கொக்கியில் விழும் பாரம், ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 4 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் இழுக்கும் வண்டி, கொக்கி, டிரெய்லர் மூன்றுக்கும் உரிய வரம்புகளில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குளியலறை எடைக்கருவி ஒன்றும் ஒரு மரத்துண்டும் போதும், வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். சமதரையில், கொக்கி வழக்கமாக நிற்கும் உயரத்திலேயே வைத்து அளக்க வேண்டும்.

காரைச் சிறிது நகர்த்தினாலே எண் மாறும். 1,200 கிலோ கார், ஆக்சில்களின் நடுவிலிருந்து கொக்கி வரை 4 மீட்டர் என்றால், காரை 10 சென்டிமீட்டர் முன்னே தள்ளியதும் கொக்கிப் பாரம் சுமார் 30 கிலோ கூடும். சரியான இடம் கிடைத்ததும் டிரெய்லர் தளத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். என்ஜின் பின்னால் உள்ள காரைப் பின்பக்கம் முன்னே வருமாறு ஏற்ற வேண்டி வரலாம். அப்படி ஏற்றினால் காற்று தவறான திசையிலிருந்து நுழையும். துணிக்கூரை பிய்ந்து போகும். பூட்டுத் தளர்ந்த மூடி பிடுங்கிக்கொண்டு நிமிரும். அவற்றைத் தனியாகக் கட்டுங்கள்.

இதற்குப் பிறகும் ஆட்டம் இருந்தால் அந்த கப்ளிங்கை வாங்குங்கள். அது உராய்வுப் பட்டைகளால் பந்தை இறுக்கிப் பிடிக்கும் வகை. பந்தில் கிரீஸ் தடவினால் வாங்கிய பலனே போய்விடும். ஓட்டத்தில் ஆட்டம் வந்தால் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள்.

கேள்வி: காரை சேஸிஸில் கட்டுவதா, சக்கரத்தில் கட்டுவதா?

பதில்: சக்கரத்தில். சேஸிஸில் கட்டினால் ஒவ்வொரு குழியிலும் ஸ்பிரிங் அமுங்கும், அந்தக் கணம் பட்டை தளரும், பட்டையின் கொக்கி கழன்றுவிடும். அதைத் தவிர்க்க ஸ்பிரிங் முழுதும் அமுங்கும் வரை இறுக்குவார்கள். நீண்ட பயணத்தில் அது பழைய புஷ்களையும் சேஸிஸையும் வதைக்கும். டயரைச் சுற்றிப் பிடிக்கும் மூன்று முனைப் பட்டையை நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். கம்பி ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஸ்போக்குக்குள் பட்டையை நுழைக்கவே வேண்டாம், வளைந்துவிடும்.

ஐரோப்பியத் தர விதி இஎன் 12195இன்படி முன்பக்கமாகச் சரக்கு எடையில் 0.8 பங்கு விசையையும், பின்னும் பக்கவாட்டிலும் 0.5 பங்கையும் கட்டு தாங்க வேண்டும். 1,400 கிலோ காருக்கு முன்னோக்கி 1,120 கிலோ விசை. பட்டையில் தைத்த நீலச் சீட்டில் எல்சி என்ற எண் இருக்கும், பட்டை தாங்கும் விசை அதுதான். 2,500 டெக்காநியூட்டன் என்றால் ஏறத்தாழ 2,500 கிலோ விசை. பட்டை சாய்வாகப் போவதால் அதில் ஒரு பகுதிதான் பயன்படும். சீட்டு இல்லாத பட்டையும், ஓரம் அறுந்த பட்டையும் சோதனையில் தேறாது.

ஏற்றும்போது டிரெய்லரின் பின்கால்களை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கார் சாய்வுப்பலகையில் ஏறும் நொடியில் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் காரைப் பட்டைகள் இறுகிய பிறகே பார்க்கிங்கில் போடுங்கள். பாரத்தைப் பட்டை தாங்கட்டும், கியர்பாக்ஸின் சிறு பல் தாங்க வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பெட்ரோல் குழாயை மூடி, டேங்கில் கால் பங்குக்கு மேல் வைக்காமல் புறப்படுங்கள். திறந்த டிரெய்லரில் துணி உறை போட வேண்டாம். காற்றில் படபடத்து பெயின்ட்டைத் தேய்த்துவிடும். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்திப் பட்டை, சக்கர நட், ஹப் சூடு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் நண்பரின் காரையும் கொண்டுவந்து கொடுத்து டீசல் செலவை வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வாங்காதீர்கள். இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 3.5 டன்னைத் தாண்டினால், சரக்குப் போக்குவரத்துக்கு டேகோகிராஃப் (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி) விதிகள் பொருந்தும். 7.5 டன் வரை வணிக நோக்கமற்ற பயணத்துக்கு விலக்கு உண்டு. அதன் வரையறையோ கறாரானது: நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊதியமும் வருமானமும் இருக்கக் கூடாது, தொழிலோடு தொடர்பும் கூடாது. உங்கள் பெயரில் உள்ள வாங்கிய ரசீதுதான் சாலையோரச் சோதனையில் உங்களுக்கான ஆதாரம்.

உரிமத்தையும் பாருங்கள். சாதாரண காருக்கான பி வகுப்பில், 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லர் என்றால் இரண்டும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பி உரிமத்தோடு கூடுதலாகப் பெறும் பி96இல் 4,250 கிலோ. நீங்கள் இழுக்கப்போகும் அளவுக்கு பிஇ வகுப்பு உரிமம் தேவைப்படும்; அதில் டிரெய்லர் மட்டும் 3,500 கிலோ வரை இருக்கலாம். கணக்கில் வருவது பதிவான அதிகபட்ச எடை. காலியாக ஓட்டினாலும் அதுதான்.

கேள்வி: பிரிட்டனில் வாங்கிய 1968ஆம் ஆண்டுக் காரை ஜெர்மனிக்குக் கொண்டுபோகிறேன். வரி எவ்வளவு?

பதில்: 2021 ஜனவரி முதல் இது சாதாரண இறக்குமதி. பயணிகள் காருக்கு 10 சதவீதச் சுங்கமும், அதன் மேல் 19 சதவீத இறக்குமதி வாட் வரியும் பொதுவான கணக்கு. ஆனால் சுங்கப் பட்டியலில் சேகரிப்புப் பொருள்களுக்கான 9705 தலைப்பில் சேர்ந்தால் சுங்கம் இல்லை, வாட் 7 சதவீதம் மட்டும். அதற்குக் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மாடல் உற்பத்தியில் இருக்கக் கூடாது, என்ஜின், சேஸிஸ், பிரேக், சஸ்பென்ஷன் போன்றவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். பிற்காலத்து என்ஜின் வைத்த கார் இங்கேதான் சிக்கும்.

பிரிட்டனில் ஏற்றுமதி அறிவிப்பும், வழியில் உள்ள நாடுகளைக் கடக்க டி1 ஆவணமும் வேண்டும். இவற்றைச் சுங்க முகவரிடம் விடுவதே நல்லது. நீங்களே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: பணம் கொடுக்கும் முன் சேஸிஸ் தகட்டைத் துடைத்து, எண்ணை எழுத்து எழுத்தாகச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் படமெடுங்கள். 0 என்பதும் ஓ என்ற எழுத்தும் மாறியிருந்தாலே எல்லையில் கேள்வி வரும்.

கேள்வி: டிரெய்லர் இழுக்கும் வண்டியின் காப்பீடு போதாதா?

பதில்: அது பொதுவாக டிரெய்லரால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும். மேலே நிற்கும் காருக்குத் தனியாகப் போக்குவரத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். ஒப்புக்கொண்ட மதிப்பு எழுதப்பட்டிருக்கிறதா, ஏற்றி இறக்கும்போது நேரும் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். வின்ச் கயிறு நழுவிக் கார் உருள்வது அந்தச் சில நிமிடங்களில்தான். டிரெய்லர் வாடகைக்கு எடுத்தது என்றால், வெளிநாடு போக எழுத்து மூலமான அனுமதியும் கையில் இருக்கட்டும்.