டென்னிஸ் பந்து ஆடும் தோட்டத்துப் பையன் நடராஜன் போல வர முடியுமா?

கேள்வி: மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அக்கா மகனுக்கு 14 வயது. இடக்கையால் வேகமாகப் போடுவான், டென்னிஸ் பந்தில் யார்க்கர் (பேட்ஸ்மேன் காலடியில் விழும் பந்து) சொன்ன இடத்தில் விழும். இந்தியக் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் மாதிரி வர வேண்டும் என்கிறான். தோல் பந்துக்கு எப்படி மாற்றுவது? எங்கே ஆரம்பிப்பது?

பதில்:

இடக்கை, டென்னிஸ் பந்து, யார்க்கர் மூன்றும் நடராஜனோடு ஒத்துப்போவது நல்ல செய்திதான். ஆனால் பையன் பார்த்துக்கொண்டிருப்பது 2020, 2021 காணொளிகளாக இருக்கும். அவன் தெரிந்துகொள்ள வேண்டிய வருடம் 2015.

தங்கராசு நடராஜன் 1991-இல் பிறந்தவர். ஊர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. அப்பா தறி வேலை, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை, ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருபது வயதுவாக்கில்தான் தோல் பந்தைக் கையில் எடுத்தார். அதுவரை ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்து. ஊரில் அவருக்குத் துணை நின்ற ஜெயப்பிரகாஷ் என்பவரின் பெயரைத்தான் ‘ஜேபி நட்டு’ என்று சட்டையில் போட்டுக்கொள்கிறார். சென்னை லீக்கில் ஆடி, 2015 ஜனவரியில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் வங்காளத்துக்கு எதிராக, இந்திய மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் இறங்கினார். முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு ஆக்‌ஷன் மீது புகார் வந்தது, கை மடங்குகிறது என்று. இருபத்து மூன்று வயதில், வாசல் திறந்த அன்றே திருப்பி அனுப்பப்பட்ட மாதிரி. கிட்டத்தட்ட ஒரு வருடம் பெரிய ஆட்டம் எதுவும் இல்லாமல் ஆக்‌ஷனை அடியிலிருந்து மாற்றிக்கொண்டு திரும்பினார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்), 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து பஞ்சாப் அணிக்கு 3 கோடி, அடுத்த வருடம் ஐதராபாத். 2020 ஐபிஎல்லில் 16 ஆட்டம், 16 விக்கெட். ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போனவர், டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4 அங்கேயே டி20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமானார். வேறு எந்த இந்தியருக்கும் அதற்கு முன் அது நடக்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆட்டமே இல்லாமல் கழிந்த அந்த ஒரு வருடம். பையனுக்கு 14 வயதுதான். அந்த வருடத்தை அவன் இப்போதே, புகார் எதுவும் இல்லாமல், வீட்டுப் பக்கத்துத் திடலிலேயே கழித்துவிடலாம். நடராஜனுக்குக் கிடைக்காத வசதி அது.

கை ஏன் மடங்குகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். டென்னிஸ் பந்து 58 கிராம்வாக்கில் இருக்கும். ஆண்கள் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், ஏறக்குறைய மூன்று மடங்கு. லேசான பந்தை முழங்கையைச் சுண்டியே விரைவாக அனுப்பிவிடலாம், இடுப்பும் தோளும் வேலை செய்யாவிட்டாலும் தெரியாது. தோல் பந்தைப் பிடித்ததும் அதே சுண்டலுக்கு வேகம் வராது. யார்க்கர் விழ வேண்டிய பந்து இரண்டு மூன்று மீட்டர் முன்னாலேயே விழும். பையன் என்ன செய்வான்? இன்னும் பலமாகச் சுண்டுவான். அங்கேதான் கை மடங்கி நீளத் தொடங்குகிறது. பந்து எடை, வேகக் குறைவு, சுண்டல், மடங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவது இது. கடைசியில் தெரிகிற மடங்கலை மட்டும் திருத்தினால் நிற்காது.

விதியையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், நிறைய பேர் தப்பாகச் சொல்கிறார்கள். வளைந்த கை குற்றம் இல்லை. கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் வரை, வளைந்த முழங்கை எவ்வளவு நீள்கிறது என்பதுதான் கணக்கு. சர்வதேச வரம்பு 15 பாகை (டிகிரி). இலங்கைச் சுழல்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் கை பிறவியிலேயே வளைந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு எறிவது போலத் தெரிந்தாலும் வரம்புக்குள் இருந்தது அதனால்தான்.

இதை வீட்டில் பார்க்க ஒரு கைப்பேசி போதும். மெதுவோட்டப் படப்பிடிப்பை நொடிக்கு 240 சட்டகத்தில் வையுங்கள். கைப்பேசியைப் பையனின் இடப்பக்கம், கிரீஸுக்கு (பந்து போடும் இடத்துக் கோட்டுக்கு) நேராக, தோள் உயரத்தில் முக்காலியில் நிறுத்துங்கள். இன்னொரு முறை நேர் பின்னாலிருந்து எடுங்கள். இரண்டு சட்டகங்களை நிறுத்திப் பாருங்கள்: மேல்கை தோள் மட்டத்தில் கிடையாக இருக்கும் நொடி, பந்து விரலை விட்டு விலகும் நொடி. இரண்டுக்கும் நடுவில் முழங்கை நீள்வது கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தால், வரம்பு தாண்டியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியால் பாகையைத் துல்லியமாக அளக்க முடியாது, ஆனால் எச்சரிக்கைக்கு இது போதும். ஒன்றை மறக்காதீர்கள்: முதல் ஆறு பந்தை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. களைத்த பிறகு போடும் கடைசி ஆறையும் எடுங்கள். மடங்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

திருத்த வழி மெதுவானது. ஓடிவராமல், நின்ற இடத்திலிருந்து, பாதித் தூரத்துக்குத் தோல் பந்தைப் போடச் சொல்லுங்கள். இடக்கைக்காரனுக்கு முன்கை என்பது வலக்கை. அது உயர நீண்டு, இடுப்புப் பக்கமாக இழுக்கப்பட வேண்டும். அந்த இழுப்புதான் பின்னால் வரும் பந்துக் கையைச் சுற்றிவிடும், சுண்டலுக்கு வேலை இருக்காது. பந்தை உள்ளங்கையில் அமுக்கிப் பிடிக்கும் டென்னிஸ் பந்துப் பழக்கமும் போக வேண்டும். தையல் நேராக நிற்க, இரு விரல்கள் அதன் இரு பக்கமும், கட்டை விரல் அடியில், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற இடைவெளி. இரண்டு வாரம் இப்படி, ஒருநாள் விட்டு ஒருநாள், நாளுக்கு 18 பந்து. பிறகு நான்கைந்து எட்டு நடந்து வந்து போடட்டும். பிறகு பாதி ஓட்டம். முழு ஓட்டத்துக்கு மூன்று மாதம் ஆனாலும் அவசரப்படாதீர்கள். இந்த மாதங்களில் தோட்டத்துப் பசங்களோடு டென்னிஸ் பந்து ஆட்டத்தைக் குறைப்பது நல்லது. பையன் முகம் தூக்குவான், ஆனால் காலையில் திருத்தியதைச் சாயங்காலம் அழித்துவிட்டு வந்தால் எதுவும் தங்காது.

கூடவே இடுப்பையும் தோளையும் பாருங்கள். பின்கால் ஊன்றும்போது இடுப்பு ஒரு திசையும் தோள் ஒரு திசையும் பார்த்தால், அது கலப்பு ஆக்‌ஷன். வளர்கிற பையன்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் விரிசல் வருவதற்கு முக்கியக் காரணங்களில் அது ஒன்று. இரண்டும் பக்கவாட்டில் இருக்கட்டும், அல்லது இரண்டும் முன்னோக்கி இருக்கட்டும். ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்ளக் கூடாது.

இனி யார்க்கர். டென்னிஸ் பந்து ஆட்டத்திலிருந்து யார்க்கர்காரர்கள் வருவது தற்செயல் இல்லை. அந்தப் பந்து தையலில் திரும்பாது, பெரிதாக ஸ்விங் ஆகாது (காற்றில் வளையாது), குத்திப் போட்டால் அடிக்க வாகாக எழும்பும். அடியிலிருந்து தப்பிக்கப் பந்துவீச்சாளனுக்கு மிஞ்சுவது பேட்ஸ்மேனின் காலடியைக் குறிவைப்பதும் வேக மாற்றமும்தான். நடராஜனுக்கு அது ஆயிரக்கணக்கான பந்துகளில் ஊறிய பழக்கம். 2020 ஐபிஎல்லில் மற்ற எவரையும் விட அதிக யார்க்கர் போட்டவர் அவர்தான். நவம்பர் 6, அபுதாபி, எலிமினேட்டர் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்க வீரர் டிவில்லியர்ஸ் 56 ஓட்டத்தில் நின்றபோது போட்டதைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். மட்டை இறங்கத்தான் செய்கிறது. ஆனால் பந்து அதற்குள் அடியில் புகுந்து நடு ஸ்டம்பைப் பெயர்த்துவிடுகிறது. ஓடிவருவதிலோ கை வேகத்திலோ முந்தின பந்துக்கும் இதற்கும் வித்தியாசம் தேடுங்கள், கிடைக்காது. அதுதான் பையன் படிக்க வேண்டியது: யார்க்கருக்கென்று தனியாகப் பலம் போடுவதில்லை.

ஆடுகளம் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20.12 மீட்டர். பேட்ஸ்மேன் நிற்கும் கிரீஸ் ஸ்டம்பிலிருந்து 1.22 மீட்டர். பந்து விழ வேண்டியது அந்தக் கோட்டை ஒட்டி, அவன் காலணி நுனிக்குப் பக்கத்தில். அரை மீட்டர் முன்னால் விழுந்தால் தூக்கி அடிக்க ஏதுவான பந்து, அரை மீட்டர் தாண்டினால் தரையில் படாமல் போகும் ஃபுல் டாஸ். வழக்கமான நீளத்தை விட ஒரு நூலிழை முன்னதாகவே பந்தை விட வேண்டும். அதிகம் முந்தினால் ஃபுல் டாஸ், பிந்தினால் குட்டை. களைத்ததும் முன்காலின் முட்டி மடிந்து உயரம் குறையும், விடும் நொடி தவறும். ஆட்டத்தின் கடைசி ஓவர்களில் ஃபுல் டாஸ் வருவது பெரும்பாலும் பயத்தால் இல்லை, முட்டியால்.

பயிற்சிக்குப் பேட்ஸ்மேன் தேவையில்லை. ஒரே ஒரு ஸ்டம்ப், கிரீஸ் கோட்டில் ஒரு ஜோடி பழைய சப்பாத்து. ஆறு ஆறு பந்தாக, மொத்தம் 24. சப்பாத்தில் பட்டதும் அதன் அடியில் விழுந்ததும் மட்டும் கணக்கு. நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தோல் பந்தில் ஆறுக்கு இரண்டு விழத் தொடங்கினால் நல்ல முன்னேற்றம். டென்னிஸ் பந்தில் ஆறுக்கு ஐந்து போட்டவன் ஆரம்பத்தில் துவண்டுபோவான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இடக்கை ஸ்டம்பை ஒட்டி இருக்கும் பக்கமாக (ஓவர் தி விக்கெட்) ஓடிவந்து போட்டால் பந்து வலக்கை பேட்ஸ்மேனைக் கடந்து வெளியே போகும் கோணத்தில் வரும். அதனால் லெக் ஸ்டம்பைக் குறிவைத்தால்தான் நடு ஸ்டம்பில் வந்து சேரும்.

நம் பக்கத்து மழையையும் கணக்கில் வையுங்கள். சாயங்காலம் பெய்து திடல் நனைந்திருந்தால் தோல் பந்து வேண்டாம். ஈரம் குடித்த பந்து கனக்கும், கையிலிருந்து வழுக்கும், இடுப்புக்கு மேலே ஃபுல் டாஸாகப் போகும். எதிரே ஆள் நின்றால் ஆபத்து. மேடு பள்ளமான தோட்டத்துத் திடலில் பேட்ஸ்மேனை நிறுத்தித் தோல் பந்து போடுவதே கூடாது. சிமெண்டுத் தளத்தில் விரிப்புப் போட்ட வலை இருந்தால், ஹெல்மெட், கால் பேடு, கார்டு எல்லாம் கட்டிக்கொண்டு ஆடலாம்.

அளவு பற்றிக் கண்டிப்பாக இருங்கள். இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் 14, 15 வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு தடவையில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதையே பின்பற்றலாம். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் நடராஜன் 24.2 ஓவர் போட்டு 78 ஓட்டத்துக்கு 3 விக்கெட் எடுத்தார். அதற்கு முந்தின மாதங்களில் பெரும்பாலும் ஆட்டத்துக்கு 4 ஓவர் போட்டுக்கொண்டிருந்தவர். அந்த மார்ச் மாதம் புனேயில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 வேண்டியிருந்தபோது, சாம் கரன் 90-க்கு மேல் அடித்து எதிரே நிற்க, 6 மட்டும் கொடுத்து ஜெயித்துக் கொடுத்தார். ஏப்ரலில் முட்டியில் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு ஐபிஎல்லில் 2022-இல் 18, 2024-இல் 19 விக்கெட் எடுத்தும், 2024 இறுதியில் டெல்லி 10.75 கோடிக்கு வாங்கியும், இந்தியச் சட்டை திரும்பவில்லை. எது எதற்குக் காரணம் என்று வெளியிலிருந்து சொல்வது சரியில்லை. ஆனால் திறமையை விட முட்டியும் முதுகும் குறைவாகவே கிடைக்கும் என்பதை வளரும் பையனுக்கு அவர் கணக்கே காட்டுகிறது.

எங்கே ஆரம்பிப்பது என்றால், பந்திங்கில் இருப்பது உங்களுக்கு அனுகூலம். கிள்ளான் பண்டமாரானில் பாயுமாஸ் ஓவல் இருக்கிறது, சர்வதேச ஆட்டங்கள் நடக்கிற மைதானம். ஆட்டம் இருக்கும் நாளில் பையனைக் கூட்டிப் போய், பந்துவீச்சாளருக்கு நேர் பின்னால் உட்கார வையுங்கள். தொலைக்காட்சியில் தெரியாத நீளம் அங்கே தெரியும். அங்கே பயிற்சியாளர்களையும் கிளப்புக்காரர்களையும் நேரில் கேட்கலாம், சிலாங்கூர் வயதுப் பிரிவுத் தேர்வுகள் எப்போது என்றும் விசாரிக்கலாம். பள்ளியில் காற்பந்து மட்டும்தான் என்றால், இடைநிலைப்பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் மாவட்ட அளவில் கிரிக்கெட் குழு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் பையனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவன் இந்திய அணிக்கு ஆட முடியாது. அவன் போட வேண்டியது மலேசியச் சட்டை. அதை அவன் இரண்டாம்பட்சமாக நினைத்தால், 2023 ஜூலை 26-ஐச் சொல்லுங்கள். அதே பாயுமாஸ் ஓவலில் சீனாவுக்கு எதிராக மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் 8 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆண்கள் சர்வதேச டி20-இல் ஒருவர் ஏழு விக்கெட் எடுத்தது அதுதான் முதல் தடவை. ஏழும் பௌல்டு, ஏழும் நேராக ஸ்டம்புக்குப் போட்ட பந்து. உங்கள் வீட்டிலிருந்து காரில் போய் வரக்கூடிய தூரம்தான் அந்த மைதானம்.