மூன்று துறைமுகங்களிலும் பதிய வேண்டாம், அக்கா

ஹட்டன் அக்கா, முழங்கால் வலியுள்ள அம்மாவோடு போகும் கரீபியன் கப்பல் பயணத்தில், கப்பல் நிற்கும் மெக்சிகோவின் கொசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸ் மூன்றிலும் சுற்றுலா பதியலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

கொசுமெலிலிருந்து டூலும் என்ற பழைய மாயா நகரின் இடிபாடுகளுக்குப் போக, படகில் கடல் கடந்து பஸ்ஸும் பிடிக்க வேண்டும். கொசுமெல் கடற்கரையே போதும். கேமனில் பெரும்பாலும் சிறு படகில்தான் கரை சேர வேண்டும், அம்மாவைக் கைபிடித்து இறக்குங்கள்.

ஓச்சோ ரியோஸில் டன்ஸ் ரிவர் அருவி. உங்கள் ஹட்டன் பக்கத்து டெவன் அருவியைத் தெருவோரம் நின்று பார்ப்பதைப் போலல்ல. வழுக்கும் பாறைகளில் கைகோத்து ஏறுவார்கள். நீங்கள் கட்டாயம் ஏறுங்கள், அம்மாவுக்கு அது ஆகாது. இந்த அருவிச் சுற்றுலாவை மட்டும் கப்பல் நிறுவனத்திடமே பதியுங்கள்: அவர்களது பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்குக் காத்திராது. கரையில் உள்ளூர் நேரம் வேறாக இருக்கலாம், கைக்கடிகாரம் எப்போதும் கப்பல் நேரத்திலேயே இருக்கட்டும்.