டியூன் என்ற அறிவியல் புனைகதை நாவலில் கதாநாயகன் பாலுக்கு (Paul) 15 வயது. படத்தில் ஏன் அந்த வயதுப் பையனைப் போடவில்லை?

ஒரே படம் என்றால் போட்டிருக்கலாம். இது தொடர்கதையாயிற்றே! முதல் பாகம் 2021இல் வந்தது, இரண்டாவது 2024இல். படக் கதையில் கடப்பதோ சில மாதங்கள்தான். நிஜமான 15 வயதுப் பையன் அதற்குள் குரல் உடைந்து, மீசை முளைத்து வேறு ஆளாகியிருப்பான். அப்புறம், சிறுவர்களை நடிக்க வைத்தால் வேலை நேரக் கட்டுப்பாடும் உண்டு.

பாலாக நடித்த திமோத்தி ஷாலமேக்கு முதல் பாகப் படப்பிடிப்பின்போது வயது 23. ஒல்லி உடம்பு, பையன் முகம். தாயின் பின்னால் நிற்கும்போது சிறுவனாகவும் படைக்கு முன்னால் நிற்கும்போது தலைவனாகவும் நம்ப முடிகிறது. 1984இல் வந்த டியூன் படத்தில் பாலாக நடித்த கைல் மக்லாக்லனும் இருபதுகளில்தான் இருந்தார். ஆனால் அவர் ஆரம்பத்திலேயே முழு ஆளாகத் தெரிவார்.

வயதைவிடப் பெரிய மாற்றம் லியட் கைன்ஸ் என்ற சூழலியலாளர் பாத்திரம். நாவலில் ஆண், 2021 படத்தில் பெண்; நடித்தவர் ஷரோன் டங்கன்-ப்ரூஸ்டர். எனக்கு அது உறுத்தவே இல்லை.