மேடையில் பேச: மாணவர் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழக மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவை மட்டும் இங்கே. பாதிப் பேர் ‘பயம்’ என்று எழுதியிருக்கிறார்கள். விவரத்தைப் படித்தால் பெரும்பாலும் கோளாறு பயத்தில் இல்லை, தயாரித்த விதத்தில் இருக்கிறது.

சார், ஏழு நிமிட செமினாருக்கு முழுவதையும் மனப்பாடம் செய்து போனேன். நடுவில் ஒரு வரி மறந்தது, அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை.

மனப்பாடம் சங்கிலி போல. ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் கையை விட்டுப் போகும். முதல் இரண்டு வாக்கியம், கடைசி வாக்கியம், எண்கள், பெயர்கள். இவை மட்டும் அட்சரம் பிசகாமல் மனதில் இருக்கட்டும்.

மற்றதைக் கருத்துகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நிமிடத்துக்கு மூன்று கருத்துக்கு மேல் தாங்காது. தொடக்கத்துக்கு 45 விநாடி, ஒவ்வொரு கருத்துக்கும் ஒன்றே முக்கால் நிமிடம், முடிவுக்கு 45 விநாடி. கூட்டினால் ஆறே முக்கால் நிமிடம். மிச்சமுள்ள 15 விநாடி தடுமாற்றத்துக்கு. கருத்துக்கு ஒரு அட்டை, அதில் ஐந்தாறு சொல், பெரிய எழுத்தில். அட்டைகளுக்கு எண் போடுங்கள், கீழே விழுந்தால் அடுக்க வேண்டுமே.

முக்கியமானது ஒத்திகை. நின்றுகொண்டு, வாய்விட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் அதே கருத்தைச் சொல்லிப் பாருங்கள். ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்லிப் பழகியவருக்கு ஒரு வழி அடைத்தால் இன்னொன்று திறக்கும். அப்படியும் நின்றுபோனால், கடைசியாகச் சொன்னதை ஒரே வரியில் சுருக்கிச் சொல்லிவிட்டு அட்டையைப் பாருங்கள். மூன்று விநாடி மௌனம் உங்களுக்குத்தான் யுகம், கேட்பவர் அதைக் கவனிப்பதே இல்லை.

கை நடுங்குகிறது, குரலும் நடுங்குகிறது. எல்லாரும் பார்த்துவிடுவார்கள் என்ற நினைப்பே நடுக்கத்தைக் கூட்டுகிறது.

நடுக்கம் அட்ரினலின் செய்யும் வேலை. அதை நிறுத்த முடியாது, காட்டிக்கொடுக்கும் பொருள்களை அகற்றலாம். மெல்லிய தாளைப் பிடித்தால் சின்ன நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அதனால்தான் கெட்டி அட்டை. குரல் நடுங்குவதற்குக் காரணம் மேல்மூச்சு. நாலு எண்ணும் வரை இழுத்து, எட்டு எண்ணும் வரை விடுங்கள், ஐந்தாறு முறை. முதல் வாக்கியங்களைக் குட்டையாக எழுதினால் மூச்சு தட்டாது.

அடுத்தவருக்குத் தெரிகிறதா என்பதை உளவியல் ஆய்வாளர்கள் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். பேசுபவர் தன் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்குக் கேட்பவருக்குத் தெரிவதில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி அனுப்பியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள். நீங்களும் இப்போது அந்த அணியில்தான். “கை நடுங்குகிறது, மன்னிக்கவும்” என்று மேடையில் நீங்களாகவே அறிவிக்காதீர்கள்.

வீட்டில் ஐந்து நிமிடம் வந்த பேச்சு மேடையில் மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பதற்றத்தில் முதல் நிமிடம்தான் அதிகம் ஓடும். முதல் அட்டையின் தலையில் ‘மெதுவாக’ என்று எழுதுங்கள், ஒவ்வொரு கருத்துக்குப் பிறகும் ஒரு முழு மூச்சு எடுங்கள். ஆங்கிலத்தில் புழங்கும் ‘நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல்’ கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். உருபும் விகுதியும் ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளமானவை. ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து எண்ணுங்கள். அதுதான் உங்கள் கணக்கு.

எழுத்துத் தமிழில் பேசுவதா, பேச்சுத் தமிழிலா?

எதுவானாலும் சரி, ஒரே வாக்கியத்துக்குள் மாறாதீர்கள். “ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்து அப்புறம் சொல்லிட்டாங்க” என்றால் காது இடறும். வரையறையும் முடிவும் எழுத்துத் தமிழில், எடுத்துக்காட்டு பேச்சுத் தமிழில் என்று வைத்துக்கொண்டு வாக்கிய எல்லையில் மாறினால் நன்றாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வாக்கிய நீளம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. கட்டுரையில் இருந்து அப்படியே எடுத்த இருபது சொல் வாக்கியத்தில், என்ன நடந்தது என்று தெரிய கேட்பவர் இருபதாவது சொல் வரை காத்திருக்க வேண்டும். கண்ணால் படிப்பவர் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ‘மேற்கொள்ளப்பட்ட’, ‘கருத்திற்கொண்டு’ வரும் இடங்களிலெல்லாம் வாக்கியத்தை வெட்டி இரண்டாக்குங்கள்.

மைக் பிடிப்பதில் என்ன இருக்கிறது?

வாயிலிருந்து நாலு விரல் தூரம், வாய்க்குச் சற்றுக் கீழே, சாய்வாக. நேராகப் பிடித்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று அடித்து ‘டப்’ என்று கேட்கும். வலைத் தலையைக் கையால் பொத்தினாலும், ஸ்பீக்கரை நோக்கித் திருப்பினாலும் மைக் ஊளையிடும். தட்டிப் பார்க்க வேண்டாம், ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

ஸ்லைடைப் பார்த்தே படித்துவிடுகிறேன்.

படிக்க அங்கே வாக்கியம் இருப்பதால் படிக்கிறீர்கள். வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், படமோ நாலைந்து சொல்லோ போதும், எழுத்தின் அளவு 28-க்குக் குறையாமல். பவர்பாயிண்டில் ஸ்லைடு காட்டும்போது ‘B’ விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும். முக்கியமான இடத்தில் அப்படிச் செய்தால் எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும்.

கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால்?

கேள்வியை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த எல்லை எதுவரை என்று ஒரு வரி சேருங்கள். சமாளிப்பு துறை ஆசிரியர்களிடம் செல்லாது.

எங்கே பழகுவது? நண்பர்கள் எதைக் கேட்டாலும் “சூப்பர்” என்கிறார்கள்.

மேடைப் பேச்சு பழகுவதற்கென்றே 1924-இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் பெரும்பாலான பேச்சுகள் ஐந்து முதல் ஏழு நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு நேரம் காட்டும், “வந்து… அதாவது…” வகை இழுப்புகளை எண்ணவே ஓர் ஆள் உண்டு. ஆய்வு மாணவரானால், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியின் விதிப்படி பழகுங்கள்: அசையாத ஒரே ஸ்லைடு, மூன்று நிமிடம், அதற்கு மேல் போனால் தகுதியிழப்பு. சுருக்கக் கற்றுக்கொள்ள இதைவிடக் கறாரான பயிற்சி கிடைப்பது கடினம்.

நண்பர்களும் பயன்படுவார்கள், கேள்வியை மாற்றினால். “எப்படி இருந்தது?” என்று கேட்காமல், “நான் சொன்ன மூன்று விஷயம் என்ன?” என்று கேளுங்கள். இரண்டுதான் வருகிறதென்றால், விடுபட்ட கருத்தை அடுத்த ஒத்திகைக்குள் திருத்தி எழுதுங்கள்.