பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்லச் சொன்னால்: பங்குத்தந்தைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

கேள்வி: எங்கள் பங்குத்தந்தைதான் பங்கின் மேல்நிலைப் பள்ளிக்கும் தாளாளர். பள்ளி ஊழியர் ஒருவர் பாவசங்கீர்த்தனத்தில் (மன்னிப்புக்காகக் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் சடங்கில்) ஒரு குற்றத்தைச் சொல்லிவிட்டால், அதை அவர் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டுமா? விசாரணைக்கு அழைத்தால் சொல்ல மறுக்கலாமா? வக்கீலுக்கு இருப்பதுபோல் சாமியாருக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று பங்குப் பேரவையில் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 132-ஆம் பிரிவு காக்கிறது. கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதை 128-ஆம் பிரிவு காக்கிறது. குருக்களுக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்ததில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் சேர்க்கப்படவில்லை. போதாக்குறைக்கு 22-ஆம் பிரிவில் ஒரு வாசகம் உண்டு: ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துப் பெற்றது என்ற ஒரே காரணத்தால், குற்றத்தை ஒப்புக்கொண்ட பேச்சு சாட்சியத்துக்கு ஆகாது என்று தள்ளிவிட முடியாது. இலங்கையின் 1895-ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டமும் ஸ்டீஃபனின் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். அதிலும் குருவுக்கு விலக்கு இல்லை.

அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவைக் காட்டலாமே என்பார்கள். காட்டலாம். ஆனால் அந்த உரிமை பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டது என்று அதே பிரிவே சொல்கிறது. ஒரு மதத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே பார்க்க வேண்டும் என்று 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கத்தோலிக்கத் தரப்பு வாதத்துக்கு நல்ல அடித்தளம் அது. 2018-இல் தேசிய மகளிர் ஆணையம் பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு, அந்த வழக்கத்தை எதிர்த்து வந்த பொதுநல மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இவை எல்லாம் வக்கீல் வாதாடப் பயன்படும். சாட்சிக் கூண்டில் நிற்கும் சாமியாருக்குக் கவசம் ஆகாது.

மறுபக்கம் திருச்சபைச் சட்டம் இம்மியும் வளையாது. எந்தக் காரணத்துக்காகவும், சொல்லாலோ வேறு எந்த வகையாலோ பாவசங்கீர்த்தனம் செய்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறது 983-ஆம் விதி. மீறி நேரடியாகக் காட்டிக்கொடுத்தால் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை; அந்தக் கணமே சபை விலக்கம் விழுகிறது. அதை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டுமே. (பழைய நூல்களில் இது 1388-ஆம் விதி, 2021 டிசம்பர் 8 முதல் 1386.) பாவமன்னிப்புக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாலும் ரகசியம் ரகசியம்தான். சொன்னவரே வந்து “நீங்கள் சொல்லிக்கொள்ளலாம், ஃபாதர்” என்றாலும் முத்திரை (இந்த ரகசியக் கடமையைத் திருச்சபை அப்படித்தான் அழைக்கிறது) உடையாது என்பதை 2019-இல் வத்திக்கானின் பாவமன்னிப்பு மன்றம் வெளியிட்ட குறிப்பு தெளிவாக்கியிருக்கிறது.

ஆக இரண்டு சட்டங்களும் நேருக்கு நேர் நிற்கின்றன. எங்கே, எவ்வளவு மோதுகின்றன என்று பார்க்க, பலரும் போட்டுக் குழப்பும் இரண்டு கடமைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, யாரும் கேட்காமலே தானாகத் தெரிவிக்கும் கடமை. மற்றது, கேட்டால் பதில் சொல்லும் கடமை.

தானாகத் தெரிவிக்கும் கடமை எல்லாக் குற்றத்துக்கும் கிடையாது. திருட்டு, கள்ள உறவு, வரி ஏய்ப்பு இவற்றைக் கேள்விப்பட்டவர் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் பொதுமக்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கொலை, கொள்ளை போன்ற சில குற்றங்களை, குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது; அவற்றை அறிந்தவர் போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்க வேண்டும். ஆனால் “நியாயமான காரணம் இல்லாமல்” சொல்லாமலிருந்தால்தான் குற்றம். அந்தக் காரணத்தை நிரூபிக்கும் சுமை மௌனமாக இருந்தவர் தலையில் விழும். முத்திரைதான் என் காரணம் என்று சாமியார் வாதாட இங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. வாதம் எடுபடாவிட்டால் 6 மாதம் வரை சிறை.

சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் அந்த வாசலும் இல்லை. 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ “எந்த நபரும்” சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர் போலீஸுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் 21(1)-இன்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. 18 வயதுக்குட்பட்டவரின் சம்மத உறவால் உண்டான கர்ப்பத்தைக் கலைக்கும்போது, அந்தப் பெண்ணும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தம் அறிக்கையில் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு விலக்கைத் தந்தது. குருக்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2019-இல் பாவசங்கீர்த்தனத்துக்கான விலக்கு நீக்கப்பட்டதும், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2025-இல் அப்படியொரு சட்டத்தை நீதிமன்றம் தடுத்ததும் செய்தியாயின. நம் ஊரில் நீக்குவதற்கு விலக்கு என்று ஒன்று இருந்ததே கிடையாது.

இப்போது உங்கள் தாளாளர் விஷயம். நீங்கள் கேட்டதிலேயே சிக்கலானது இதுதான்; தமிழ்நாட்டில் எத்தனையோ பங்குகளின் நிலையும் இதே. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழ் வேலை செய்பவரின் போக்சோ குற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் 21(2)-இன்படி தண்டனை 1 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஓர் ஆசிரியர் தம் தாளாளரிடமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். அரசுச் சட்டம் அந்தத் தாளாளரை இரட்டிப்பாகப் பிடிக்கிறது. திருச்சபைச் சட்டமோ போலீஸிடம் சொல்லாதே என்பதோடு நிற்கவில்லை. அப்படி அறிந்ததை வைத்து நிர்வாக முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்கிறது 984-ஆம் விதி. அந்த ஆசிரியரை வேறு வகுப்புக்கு மாற்றக்கூட முடியாது. குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிட மோசமான ஏற்பாடு வேறில்லை.

ஆகவே செய்ய வேண்டியதை முன்பே செய்துவிட வேண்டும். தாளாளராக இருப்பவர் அந்தப் பள்ளியின் ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்காமலிருப்பதே சரி. தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முன்பும் பள்ளிக்குப் பாவசங்கீர்த்தனம் வைக்கும்போது மறைவட்டத்தின் வேறு பங்குகளிலிருந்து குருக்களை அழைக்கலாம். இது புதுமையும் இல்லை: குருமட (குருத்துவப் பயிற்சி இல்ல) அதிபர் தம் மாணவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடாது, அவர்களாக விரும்பிக் கேட்டாலொழிய, என்று 985-ஆம் விதி ஏற்கெனவே சொல்கிறது. பள்ளிக்கு அதை நீட்டிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டில்) பாதிக்கப்பட்ட குழந்தையே சொன்னால்? “இதில் உன் தப்பு எதுவும் இல்லை” என்று முதலில் சொல்ல வேண்டும். அம்மாவிடமோ நம்பிக்கையான டீச்சரிடமோ சொல்லலாம், 1098-ஐக் கூப்பிடலாம், இல்லையென்றால் இதே விஷயத்தை வெளியே வந்து என்னிடம் சொல் என்று வழிகாட்ட வேண்டும். உரிமைகளையும் புகார் செய்யும் வழிகளையும் எடுத்துச் சொல்வது கேட்பவரின் வேலை என்று 2019 குறிப்பே சொல்கிறது. குழந்தை வெளியே வந்து சொன்ன நிமிடத்திலிருந்து அது சாதாரணத் தகவல். போக்சோ முழுமையாகப் பொருந்தும். குழந்தையாக வந்து பேசாதவரை, குரு அதை வெளியில் தாமாக எடுக்க முடியாது. குற்றம் செய்தவரே வந்தால், சரணடையும்படி வற்புறுத்தலாம். ஆனால் சரணடைந்தால்தான் மன்னிப்பு என்று நிபந்தனை போடக் கூடாது. உண்மையான மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கான வருத்தம், இல்லை என்று கண்டால் மன்னிப்பை மறுக்கலாம்.

போலீஸ் அழைத்தால் போகாமல் இருப்பது முதல் தவறு. எழுத்து மூலமான நோட்டீஸ் வந்தால் போக வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்டவராக இருந்தால் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி அவர் தங்குமிடத்தில்தான் விசாரிக்க வேண்டும். வெளியில் கண்டதையும் கேட்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனம் பற்றிய கேள்விக்கு மட்டும் ஒரே பதில்: “அது பற்றி எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்ல இயலாது.”

அந்தப் பதில் எல்லோருக்கும் எல்லா முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். “அந்தோணி எதுவும் சொல்லவில்லை” என்று சொல்லிவிட்டு, அடுத்து சூசையைப் பற்றிக் கேட்டதும் “சொல்ல இயலாது” என்றால் சூசையைக் காட்டிக்கொடுத்தாயிற்று. நல்ல மனதோடு ஒருவரைக் காப்பாற்றப்போய் முத்திரையை உடைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

நீதிமன்றத்தில் இன்னொரு பள்ளம் உண்டு. கடவுளின் இடத்தில் இருந்து கேட்டதை மனிதனாக அறியேன் என்று குரு சத்தியம் செய்யலாம் என்பது 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் காலத்து விளக்கம். இறையியலில் அதற்கு இடமிருக்கலாம். சாட்சிக் கூண்டில் “எனக்குத் தெரியாது” என்றால் அது பொய்ச்சாட்சி. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. வெளிப்படையாக மறுத்தாலோ, சுரக்ஷா சன்ஹிதாவின் 388-ஆம் பிரிவின்படி நீதிபதி காரணத்தை எழுதிவைத்து 7 நாள் வரை காவலில் வைக்கலாம்; நியாய சன்ஹிதாவின் 214-இல் வழக்குப் போட்டால் 6 மாதம் வரை. மறுப்பது பொய்யைவிட நேர்மையானது, தண்டனையும் குறைவு. சம்மன் வந்தவுடனே சொந்தமாக ஒரு வக்கீலை வைத்து, எதற்குப் பதில் சொல்ல இயலாது, ஏன் என்று முன்கூட்டியே மனுவாகக் கொடுத்துவிடுவது நல்லது. அந்தச் சாட்சியம் இல்லாமலே வழக்கை நடத்த முடியும் என்றும் வாதாடலாம்: நீதிமன்றத்துக்கு வெளியே தந்த ஒப்புதல் தனியாக நின்றால் பலவீனமான சாட்சியம் என்பதே நீதிமன்றங்களின் வழக்கமான பார்வை.

கடைசியாக, இந்த முத்திரை பங்குப் பேரவையில் நினைப்பதைவிட மிகச் சிறியது. ஒப்புரவு அருளடையாளத்துக்காக, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்காக, வந்து சொன்னது மட்டுமே உள்ளே வரும். பங்குத்தந்தையின் இல்லமான அறைவீட்டில் நாற்காலி போட்டு அழுதுகொண்டே சொன்னது, வாட்ஸ்அப்பில் எழுதியது, போனில் பேசியது, ஆற்றுப்படுத்தலில் வந்தது, ஊழியரைக் கூப்பிட்டு விசாரித்தபோது ஒப்புக்கொண்டது, இவை எதுவும் முத்திரைக்குள் வராது. தாளாளர் அறையில் கேட்டதைப் “பாவசங்கீர்த்தன ரகசியம்” என்று மூடுவது சட்டத்தையும் முத்திரையையும் ஒருசேர அவமதிப்பது. போக்சோ வழக்கில் அது தற்காப்பாகவும் நிற்காது. பாவங்களைச் சீட்டில் எழுதிவந்தால் கேட்டு முடித்ததும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். கோவிலில் வைத்திருக்கும் கண்காணிப்பு கேமரா ஒலியையும் பதிவு செய்கிறதா, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். பக்கத்தில் நின்று காதில் வாங்கியவரையும் 983-ஆம் விதி கட்டுப்படுத்தும். ஆனால் நீதிமன்றத்துக்கு அவர் சாதாரணச் சாட்சி, அந்தப் பதிவு சாதாரணச் சாட்சியம்.